திட்டு வாங்க நின்றவர்

எங்கள் ஆபீசில் அவருக்கு எமகண்டம் என்று பெயர். தலைமை எழுத்தர் வைத்தது. அவர் தன் அறைக்குள் இருக்கும்வரை யாருக்கும் பயமில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே வந்து, யாராவது ஒருத்தர் மேஜையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தால்தான் அந்த ஆளுக்குக் கெட்ட காலம். நல்ல செய்தி எல்லாம் பியூன் மூலமாக வந்துவிடும். இன்கிரிமென்ட் வந்துவிட்டது, கேட்ட லீவு கிடைத்துவிட்டது, சொந்த ஊருக்கே மாற்றல் ஆகிவிட்டது, எல்லாம் பியூன் வாயிலிருந்துதான். கெட்ட செய்தி என்றால் மட்டும் அவரே வருவார். வந்து எதிரில் நிற்பார். நாம் எழுந்திருக்கப் போனால், "உக்காருங்க" என்பார். பிறகு சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகவும் மாட்டார். அதுதான் கொடுமை. நாம் அழுதாலும் கத்தினாலும், அது ஓயும்வரை அங்கேயே நிற்பார்.

"சொல்றது பெரிசில்லம்மா. சொல்லிட்டு ஓடிடக் கூடாது. கேட்டவங்களுக்குத் திட்டணும்னு தோணும்ல? அதுக்கு ஆள் இருக்கணும்" என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஓசூருக்கு அப்போதுதான் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்திருந்தன. ராகி விளைந்த பூமியில் எங்கு பார்த்தாலும் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரிகளைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்க இலாகாவின் சின்ன ஆபீஸ் எங்களுடையது. அவர் அதற்கு இன்ஜினியராக வந்தார். தெற்கத்திப் பக்கத்து ஆள். ஒல்லி. பேச்சில் அவசரமே இருக்காது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீசில் தமிழ் என்று மூன்றும் புழங்கும். மற்ற இரண்டிலும் அவர் முதலில் கற்றுக்கொண்டது ஒரே வார்த்தையைத்தான். பாகலூர் பக்கமிருந்து கன்னடக்காரர்கள் வந்து புது வாய்க்கால் கேட்டால் "ஆகல்ல" என்பார். தெலுங்கு பேசுகிறவர்கள் வந்து மதகைத் திறக்கச் சொன்னால் "குதரது" என்பார். தமிழர்களுக்கு "முடியாதுங்க." மூன்று பாஷையிலும் முடியாது என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆபீசர் என்று தலைமை எழுத்தர் சிரிப்பார். ஆனால் தன் மேஜைப் பக்கம் அவர் திரும்பினால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

நான் அங்கே டிரேசராக இருந்தேன். இன்ஜினியர்கள் பென்சிலில் போட்ட படத்தை மெழுகுத் துணியில் மையால் எடுக்கிற வேலை. எங்கள் ஊரிலிருந்து கவர்மென்ட் ஆபீசுக்குப் போன முதல் பெண் நான். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அதில் தலைகால் புரியாத பெருமை. ஏற்கெனவே இருந்த அதிகாரிகள் எல்லோரும் "இன்னும் கொஞ்ச நாள்ல பர்மனென்ட் ஆயிடும்மா" என்றே சொல்லிவந்தார்கள்.

ஒருநாள் காலை அவர் என் மேஜைக்கு வந்தார்.

"உக்காருங்க. உங்க வேலை பர்மனென்ட் ஆகாது. இந்த போஸ்டையே எடுத்துடப் போறாங்க. இந்த வருஷமோ அடுத்த வருஷமோ."

என் கை பட்டு மை துணியில் கொட்டிவிட்டது. பாதி முடிந்த மதகுப் படம் பாழாகிவிட்டது. சுற்றிலும் ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் நகரவில்லை. போய்த் தொலைய மாட்டாரா என்று இருந்தது. "இத்தனை பேர் முன்னாடி ஏன் சார் சொன்னீங்க?" என்று கடைசியில் கேட்டே விட்டேன். "தப்புதான். தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்" என்றார். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த வாரமே புதிதாக வந்திருந்த தொழிற்சாலைகளில் வேலை தேடத் தொடங்கினேன். போஸ்டை எடுத்தபோது என்னோடு இருந்த இன்னொரு டிரேசர் தெருவில் நின்றார். அவருக்குக் கடைசிவரை "ஆயிடும், ஆயிடும்" என்று சொன்னவர் வேறொரு அதிகாரி. நான் அதற்கு முன்பே ஒரு தொழிற்சாலையின் டிராயிங் செக்‌ஷனில் உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்கு நல்லது பேசவே வராதா என்று அவர் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். "எங்க கல்யாணத்தன்னைக்கே, 'எனக்குக் கோபம் வராது, ஆனா என்னோட இருக்கிறது கஷ்டம்'னு சொன்னவரும்மா இவரு" என்றார். என் கல்யாணத்துக்கு சாரை அழைக்கப் போனபோது பத்திரிகையைக் கையில் வாங்கியதுமே "என்னால வர முடியாதும்மா" என்றார். வரவில்லை. வருகிறேன் என்று சத்தியம் செய்த தலைமை எழுத்தரும் வரவில்லை.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது. ஏரி விஷயத்தை அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் சூளகிரியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்கு மேலே பெரிய ஏரி. கரைக்கு நேர் கீழே காலனி. நிலம் இல்லாத கூலிக்காரர்களின் வீடுகள், எல்லாம் மண் சுவர். ஏரியின் கிழக்கு மூலைக்குக் கீழே எங்களைப் போன்ற நிலக்காரர்களின் வயல். நான் இன்னும் அரசாங்க ஆபீசில் இருந்த காலம் அது. ஐப்பசியில் விட்டு விட்டுப் பெய்த மழை, கார்த்திகை பிறந்ததும் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிக் கோடி போனது. மிகுதித் தண்ணீர் வழிந்தோடும் இடத்தைக் கோடி என்போம். அந்தக் கோடி தாங்காத அளவுக்குத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பஸ் ஓடாததால் நான் வீட்டிலேயே இருந்தேன்.

மத்தியானம் அவருடைய ஜீப் வந்தது. அவர் குடைகூட இல்லாமல் கரைமேல் ஒரு தரம் நடந்தார். பிறகு காலனிப் பக்கம் இறங்கிக் கரையின் அடியில் உட்கார்ந்தார். அங்கே ஒரு இடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் ஏந்தி ஏந்திப் பார்த்தார். கசிவு தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். ஆனால் மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. சேறு வழிகிறது. அந்தக் கலங்கல் உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வழிந்ததா, யாரால் சொல்ல முடியும்?

காலனிக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். அவர் நேராக நிலக்காரர்கள் கூடியிருந்த இடத்துக்கு வந்தார். நைனா முன்னால் நின்றார். அறுவடைக்கு நின்ற ராகி. அந்த வருஷம்தான் வெட்டி முடித்த கிணறு.

"கிழக்கு மூலையில கரையை வெட்டப் போறேன்" என்றார் அவர். "தண்ணி உங்க வயல்ல இறங்கும். பயிர் போயிடும். மணல் ஏறும். கிணறும் தூர்ந்துடலாம்."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"அதான் சனத்தை மேல ஏத்தியாச்சே! குடிசைதான போவும்? திரும்பக் கட்டிக்கலாம்!"

"கரை உடைஞ்சா குடிசையோட நிக்காதுங்க. கீழ ரெண்டு ஏரி இருக்கு. இது போய் விழுந்தா அதுவும் போகும், அதுக்குக் கீழ இருக்கிறதும் போகும். அந்த ஊர்கள்ல இருக்கறவங்களுக்கு இப்ப ஒண்ணும் தெரியாது."

"கலெக்டர் சொன்னாரா? உத்தரவு இருக்குதா?"

"இல்லைங்க. கேக்கறதுக்கு நேரமில்லை. நான்தான் சொல்றேன்."

நைனா அவர் சட்டையைப் பிடித்தார். "ஏமய்யா! நீ யாரு? எங்கிருந்தோ வந்து என் பூமியில தண்ணிய விடறேன்னு சொல்ல நீ யாரு?" என்று பிடித்துத் தள்ளினார். அவர் மல்லாந்து சேற்றில் விழுந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. என் அப்பா, என் ஆபீசர்.

அவர் எழுந்தார். சேற்றைத் துடைக்கவில்லை. விழுவதற்கு முன் நின்ற அதே இடத்தில் திரும்ப வந்து நின்றார். "உங்க கோபம் நியாயம்தான். ஆனா வெட்டித்தான் ஆகணும்" என்றார்.

கூட வந்த ஆட்கள் மண்வெட்டியைத் தொடப் பயந்தார்கள். நிலக்காரர்களின் பகையை யார் சம்பாதிப்பது? அப்போது காலனியிலிருந்து முனியப்பன் வந்தான். இருபது வயதுப் பையன், கொத்தனார் வேலை பழகிக்கொண்டிருந்தான். ஒரு கையில் கடப்பாரை, இடுப்பில் இரண்டு வயதுத் தம்பி திம்மராயன். தம்பியை என்னிடம் நீட்டி, "கொஞ்சம் பிடிச்சுக்குங்கக்கா" என்றான். போய் முதல் குத்து குத்தினான். அதன் பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நைனா அதைப் பார்க்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ராகிக் கதிர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போவதை, அடுத்தவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் பார்த்தேன்.

கரை உடையவில்லை.

அதுதான் பிரச்சினை. உடைந்திருந்தால் அவர் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். அவர் வெட்டியதால் உடையவில்லையா, வெட்டாவிட்டாலும் உடைந்திருக்காதா, அதைச் சொல்ல இனி கடவுளாலும் முடியாது. எங்கள் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. கிணறு இருந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் தெரிந்தது.

விசாரணை வைத்தார்கள். ஓசூர் பயணியர் மாளிகையில் மேலதிகாரி ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். நிலக்காரர்கள் எல்லோரும் போனார்கள். நைனாவுக்குத் துணையாக நானும் போனேன். மேலதிகாரிக்கு அவரைத் தண்டிக்க விருப்பமில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"நீங்க வெட்டலைன்னா கரை உடைஞ்சிருக்கும். அப்படித்தானே?" என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

"தெரியாதுங்க" என்றார் இவர்.

"யோசிச்சுச் சொல்லுங்க. உடைஞ்சிருக்கும்னு ஒரு வார்த்தை சொன்னா இத்தோட முடிஞ்சுது."

"அன்னைக்கும் தெரியாதுங்க. இன்னைக்கும் தெரியாது. உடைஞ்சாலும் உடைஞ்சிருக்கும்."

நைனா துள்ளி எழுந்தார். "தெரியாமயா வெட்டின? தெரியாமயா என் பொழப்புல மண்ணைப் போட்ட?"

அவர் மேலதிகாரிக்கு முதுகைக் காட்டி நைனா பக்கம் திரும்பினார். "ஆமாங்க. தெரியறவரைக்கும் காத்திருந்தா அப்புறம் வெட்ட முடியாது."

நைனா திட்டினார். தமிழ் போதாமல் தெலுங்குக்குப் போய், அதுவும் போதாமல் கன்னடத்தில் திட்டினார். அவ்வளவும் முடியும்வரை அவர் நின்று கேட்டார். மேலதிகாரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், வேறு வழியில்லாமல். வீட்டுக்குத் திரும்பும்போது சூளகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நைனா, "பொய் சொல்லியிருந்தான்னா தப்பிச்சிருப்பான்" என்றார். அவ்வளவுதான்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பிறகு எங்கோ கடலோரத்துக்கு மாற்றினார்கள். அவர் வேலையை விட்டுவிட்டார். முனியப்பனும் காலனிக்காரர்களும் கீழ் ஊர்க்காரர்களும் சேர்ந்துதான் அவரைப் போய் எலக்‌ஷனில் நிற்கச் சொன்னார்கள். முதலில் 'முடியாது' என்றுதான் சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் நின்றார். ஒரு கட்சி இடம் கொடுத்தது. கொடுத்த கட்சிக்காரர்கள் பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார்கள். தளிப் பக்கம் ஒரு கிராமத்தில் பாலம் கேட்டார்கள். "இந்த இடத்துல பாலம் நிக்காது. கட்டித் தர்றேன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க" என்று மைக்கிலேயே சொன்னார். கூட்டம் கத்தியது. ஜீப்பை எடுக்கச் சொன்ன கட்சிக்காரர்களைத் தடுத்துவிட்டு, கத்தி முடிக்கும்வரை அங்கேயே நின்றார். முனியப்பன் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், "நம்ம சார் வாயில இல்லைன்னு வரலைன்னா, அது இருக்குதுன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லியே ஓட்டுச் சேர்த்தான். ஜெயித்துவிட்டார். அடுத்த முறையும் ஜெயித்தார். டெல்லியில் மந்திரியானார்.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் தண்ணீர், எல்லை, அணை என்று எந்த வழக்கு வந்தாலும் பேசுவதற்கு இவரைத்தான் அனுப்புவார்களாம். ஒவ்வொரு பக்கத்திடமும் போய் அவர்களுக்கு எது கிடைக்காது என்பதை முதலில் சொல்லிவிடுவாராம். அவரோடு எத்தனையோ பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். ஏமாற்றினார் என்று மட்டும் ஒருத்தரும் சொன்னதில்லை. பேப்பரில் அவர் படம் வரும்போதெல்லாம் என் கணவர் மடித்து என்னிடம் காட்டுவார். படத்திலும் நின்றுகொண்டுதான் இருப்பார். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

மந்திரியான பிறகும் எங்கள் ஊருக்கு வந்தால் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார். முற்றத்தில் நிற்பார். நைனா வெளியே வந்து ஆரம்பிப்பார்.

"ஏமய்யா மந்திரி! என் கிணத்தைத் தூர்த்தியே, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அந்த மணலை அள்ள என் முதுகு ஒடைஞ்சது தெரியுமா?"

"தெரியுங்க."

துப்பாக்கியோடு வந்த போலீஸ்காரருக்கு ஒன்றும் புரியாது. நைனா மூச்சு வாங்கும்வரை திட்டுவார். பிறகு உள்ளே பார்த்து, "காப்பி கொண்டா" என்பார். ஆனால் நைனா கடைசிவரை அவருக்கு ஓட்டுப் போடவில்லை. டீக்கடையில் வேறு யாராவது அவரைப் பற்றித் தாழ்வாகப் பேசினாலும் விடமாட்டார். "அவனைத் திட்ட எனக்குத்தான் பாத்தியதை இருக்குது. உனக்கு என்னா போச்சு?" என்பார். நைனா காலமானபோது அவர் வெளிநாட்டில் இருந்தார். வர முடியாது என்று அவருடைய டெல்லி ஆபீசிலிருந்து தந்தி வந்தது.

இரண்டாவது முறைக்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. கட்சித் தலைமையோடு மனஸ்தாபம் என்றார்கள். உடம்பு சரியில்லை என்றார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. எங்கள் தொழிற்சாலை கேட்டில் நடந்தது மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். அவர் அப்போது மந்திரி. தண்ணீர்த் தகராறில் எல்லைக்கு அந்தப் பக்கம் கலவரம் வெடித்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த நம் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நடந்தே ஓசூருக்கு வந்துகொண்டிருந்தார்கள். சத்திரம், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் நிரம்பிவிட்டது. வந்தவர்கள் சொன்னதைக் கேட்டு ஊரே கொதித்தது. எங்கள் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தினமும் ஒரு பஸ் நிறையக் கன்னடக்காரர்கள் வேலைக்கு வருவார்கள். கலவரம் தொடங்கிய அன்று வந்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எங்க ஆளுங்க எல்லாம் வந்து சேரட்டும். அதுவரைக்கும் இவங்க ஒருத்தரும் போவக் கூடாது!"

குரல் கொடுத்தவன் முனியப்பன். இப்போது அவன் பெரிய மேஸ்திரி. அவன் தம்பி திம்மராயன் அந்தப் பக்கம் ஒரு கட்டட வேலையில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். இன்னும் வரவில்லை. முனியப்பன் கண் இரண்டும் ரத்தமாக இருந்தது. பின்னால் நின்ற பையன்கள் கையில் கட்டையும் மண்ணெண்ணெய் டின்னும் இருந்தன. நேரம் ஆக ஆகக் கூட்டம் பெருத்தது. கேட் கம்பிகளைப் பிடித்து உலுக்கத் தொடங்கினார்கள். என் செக்‌ஷனில் வேலை செய்த சரோஜம்மா, கன்னடக்காரி, என் கையை விடவேயில்லை. சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பின்பக்க வாசல் வழியாக அவர் உள்ளே வந்தார். டெல்லியிலிருந்து நேராக அந்தப் பக்கம் போய், அடிபட்டவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. மானேஜரும் போலீஸ் அதிகாரியும் ஓடி வந்தார்கள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"வெளிய முனியப்பன்தானே? அவன் தம்பி செத்துட்டான். காலையில ஆஸ்பத்திரியில நானே பாத்தேன். முதல்ல அவன்கிட்ட போய்ச் சொல்லணும்" என்றார்.

போலீஸ் அதிகாரி அவர் கையைப் பிடித்துவிட்டார். "ஐயா, வேண்டாம். இப்ப சொன்னீங்கன்னா இந்த கேட் நிக்காது. என்கிட்ட இருக்கிறதே கொஞ்சம் ஆளுங்க. பஸ் போகட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

அவர் ஷெட்டின் நிழலில் கும்பலாக உட்கார்ந்திருந்த கன்னடக்காரர்களைப் பார்த்தார். அவர்களிடம் போய், அவருடைய உடைந்த கன்னடத்தில், "உங்களைப் பத்திரமா சேர்த்துடுவேன்னு என்னால சொல்ல முடியாது. முயற்சி பண்றேன்" என்றார். சரோஜம்மா அழத் தொடங்கினாள். அந்த ஒரு தடவை அவர் நிற்கவில்லை. திரும்பிச் சின்ன கேட்டைத் திறக்கச் சொல்லித் தனியாக வெளியே போனார்.

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன். கூட்டம் அவரைப் பார்த்ததும் கொஞ்சம் விலகியது. முனியப்பன் ஓடி வந்தான்.

"சார்! அந்தப் பக்கமிருந்துதான வர்றீங்க? எங்க திம்மனைப் பாத்தீங்களா சார்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அவர் பார்வை கேட்டுக்கு உள்ளே ஒருமுறை வந்துவிட்டுப் போனது. "முதல்ல இந்த பஸ்ஸைப் போக விடுப்பா" என்றார்.

முனியப்பன் அவர் முகத்தையே பார்த்தான். அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று அவன் முகம் மலர்ந்தது. கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான்.

"டேய், என் தம்பி இருக்கறான்டா! சார் ஒண்ணும் சொல்லலை பாரு! கெட்ட சேதின்னா இவரு முதல்ல அதைத்தான் சொல்லுவாரு. எனக்குத் தெரியாதா! வழி விடுங்கடா, பஸ் போவட்டும்!"

அவர் அவனைத் திருத்தவில்லை.

கட்டையோடு நின்ற பையன்களை முனியப்பனே பிடித்து இழுத்து ஓரம் தள்ளினான். பெரிய கேட்டைத் திறந்தார்கள். பஸ் ஊர்ந்து வெளியே வந்தது. ஜன்னல்களுக்குக் கீழே எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தன் வீசிய கல் பின்கண்ணாடியில் பட்டது. முனியப்பன் அவனை ஓங்கி அறைந்தான். பஸ் போலீஸ் வேனுக்குப் பின்னால் போய் ரோட்டில் ஏறி மறைந்தது.

அது கண்ணுக்கு மறைந்ததும் அவர் முனியப்பனைக் கூப்பிட்டார். "உக்காருப்பா" என்றார். உட்கார அங்கே ஒன்றும் இல்லை. ரோடுதான். சொன்னார். அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. முனியப்பன் உடம்பு ஒரு முறை குலுங்கியது மட்டும் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அடங்கினார்கள். அந்த அமைதியில் அவன் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"எப்பத்திலிருந்து சார் தெரியும்?"

"காலையில இருந்து."

அவர் நின்றார். கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, அவன் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்கிறவராக நின்றார். கடப்பாரை பிடித்த கை அது. ஓர் அடி விழுந்தால் அவர் தாங்கமாட்டார். போலீஸ் அதிகாரி முன்னால் ஓடினார். ஆனால் முனியப்பன் கையைத் தூக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவரைத் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். யாரோ டெம்போ கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏறினான். கூட்டம் மொத்தமும் அவன் பின்னாலேயே போய்விட்டது.

ரோடு காலியாகிவிட்டது. செருப்புகள், கட்டைகள், கவிழ்ந்த ஒரு டின். அவர் மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். காரில் ஏறச் சொல்லி அதிகாரி இரண்டு தடவை வந்து கேட்டார். அவர் தலையாட்டவுமில்லை. நான் சின்ன கேட்டைத் தாண்டிப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

"எல்லாரும் போய்ச் சேந்துடுவாங்க சார். சரோஜம்மாகூடப் போயிட்டாங்க" என்றேன்.

"ம்."

டெம்போ போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் சொல்கிறாரா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாத குரலில் கேட்டார்.

"அவன் ஒண்ணும் சொல்லலையேம்மா?"